மாடிப்படிக்கு அடியில் ஒரு ஒத்தை அடுப்பு

போன மாதம் எதிர்வீட்டு அக்காவுக்கு நெஞ்சுவலி வந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, நான்காம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். சாயங்காலம் பார்க்கப் போனேன். சாத்துக்குடிப் பையை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்ட அக்கா, உடம்பைப் பற்றிப் பேசவே இல்லை. "ஒரு பைசா கட்டல. முதலமைச்சர் காப்பீட்டு கார்டை நீட்டினேன், வேலை முடிஞ்சிது. அப்பவே தலபாடா அடிச்சிக்கிட்டேன், நீ கேக்கல. ரேஷன் கார்டைப் பிரிச்சிருந்தா இந்நேரம் உங்க அத்தைக்கும் அந்தக் கார்டு இருந்திருக்கும்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். அக்கா போன வருஷம் கொடுத்த ஒத்தை பர்னர் அடுப்பு, பழைய சாக்கு மூடியபடி, வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து மனசுக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாதி, பிரதிவாதி, நீதிபதி எல்லாம் நானே. தீர்ப்புதான் வரமாட்டேன் என்கிறது.

குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று போன வருஷம் மூன்று மாதம் அலைந்தேன். எந்த கம்பெனி நல்ல கம்பெனி என்று சொல்ல இதை எழுதவில்லை, அது எனக்குத் தெரியவும் தெரியாது. அலைந்ததில் ஒன்றைப் பார்த்தேன். எந்த வாசலில் போய் நின்றாலும், நல்லெண்ணத்தோடு ஒருவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, எதையாவது மறைக்கச் சொன்னார். ஓரிடத்தில் சம்பளத்தை, ஓரிடத்தில் சர்க்கரையை, ஓரிடத்தில் பெற்ற மகனையே.

1,900 ரூபாய் உயர்வு

என் வீட்டுக்காரர் மணலியில் ஓர் ஒப்பந்தக் கம்பெனியில் ஃபிட்டர். 2024 ஜூனில் சம்பளம் 20,400 இலிருந்து 22,300 ஆனது. அன்றைக்குக் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டில் வஞ்சிரம். பிள்ளைகள் இரண்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் இவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஈஎஸ்ஐ போயிடும்னு சொல்றாங்க. நம்ம செட்டுல ரெண்டு பேரு, உயர்வை வேற தலைப்புல போட்டுக் குடுங்க, சம்பளம்னு காட்டாதீங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டிருக்கானுங்க. நானும் கேக்கட்டுமா?" நான் சிரித்தேன். ஏறின சம்பளத்தை ஏறவில்லை என்று காட்டச் சொல்லி யாராவது கெஞ்சுவார்களா என்று கேட்டேன். பின்னால் கணக்குப் போட்டபோது அந்தச் சிரிப்பு எனக்கே உறுத்தியது.

ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். 15,000 ஆக இருந்ததை 2017 ஜனவரியில் அப்படி உயர்த்தினார்கள். 2024இல் அது எங்களைத் தொடும்வரை இம்மியும் நகரவில்லை. அரிசி விலை நகர்ந்தது, வாடகை நகர்ந்தது, வண்ணாரப்பேட்டையோடு நின்ற மெட்ரோ ரயில்கூட 2021இல் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. அந்த 21,000 மட்டும் சுங்கச்சாவடிக் கல் மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25 சதவீதம். எங்கள் கணக்கில் இவர் பங்கு 153 ரூபாய், கம்பெனி பங்கு 663 ரூபாய். ஆக மாதம் 816 ரூபாயில் இவர், நான், இரண்டு பிள்ளைகள், அத்தை, அதாவது இவர் அம்மா, என்று ஐந்து பேர். என் சின்னவன் பிறந்தது அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில். அத்தைக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை எல்லாம் டிஸ்பென்சரியில்தான். வரிசை நீளமாக இருக்கும், அத்தைக்கு அது திருவிழா. திரும்பி வரும்போது நாலு தெருக் கதை வரும். "வயசு என்ன, வியாதி என்ன" என்று கேட்டு விலையை ஏற்றாத காப்பீடு எங்கள் கைக்கு வந்தது அது ஒன்றுதான். ஆனால் அதைக் காப்பீடு என்று நாங்கள் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. சம்பளச் சீட்டில் அது ஒரு பிடித்தம், அவ்வளவே.

நடுவில் வரம்பைத் தாண்டினால் உடனே வெளியே தள்ளிவிட மாட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு கட்டம். ஒரு கட்டத்தின் நடுவில் சம்பளம் ஏறினால் அந்தக் கட்டம் முடியும்வரை பிடிப்பார்கள். ஏப்ரல்–செப்டம்பர் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. ஆக எங்களுக்கு 2025 ஜூன் 30 வரை இருந்தது. ஏகப்பட்ட நேரம். வழக்கம்போல மார்ச் வரை நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

விலை விசாரித்தது

எம்.சி. ரோட்டில் இரண்டு ஜவுளிக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறேன், வீட்டிலிருந்தே. கணக்கு எழுதுகிறவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. ஒரு ராத்திரி விலை ஒப்பிடும் தளம் ஒன்றில் வயது, ஊர், போன் நம்பர் எல்லாம் தட்டிவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை காபி ஆற்றுவதற்குள் ஆறு போன். மத்தியானத்துக்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லாரும் "மேடம், இன்னிக்கே போட்டுட்டீங்கன்னா" என்று ஆரம்பித்தார்கள்.

ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பாலிசி போட்டால் 5 லட்சத்துக்கு வருஷம் 46,000 ரூபாய் என்றார்கள். அதுவும் எல்லாரும் பூரண ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்தால். ஏன் இவ்வளவு என்று குடைந்தபோதுதான் விவரம் தெரிந்தது. குடும்பத்துக்குச் சேர்த்துப் போடும் ஃப்ளோட்டரில், யாருக்கு வயது அதிகமோ அவரை வைத்துத்தான் விலை. அத்தைக்கு 63. அவர் ஒருவரால் எட்டு வயதுப் பையனும் கிழவனாகிவிடுகிறான். அத்தையைத் தனியாக எடுத்துவிட்டால் நாங்கள் நாலு பேர் 20,600 தான். இதை யாரும் தானாகச் சொல்லவில்லை. நானே ஒவ்வொரு பெயராக எடுத்தும் சேர்த்தும் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

இன்னொன்றை என் அண்ணன் பில்லிலிருந்து கற்றுக்கொண்டேன். வியாசர்பாடியில் இருக்கிறான். அவனிடம் 5 லட்சத்துக்குப் பாலிசி இருந்தது. அறை வாடகைக்கு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 என்று அதில் ஒரு வரி. ஆபரேஷனுக்குச் சேர்ந்தபோது 8,000 ரூபாய் அறைதான் காலி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாலு நாளுக்கு மிஞ்சிப் போனால் 12,000 கைக்காசு, பரவாயில்லை என்று படுத்துவிட்டான். பில் வந்தபோது அறைக்கு மட்டும் வெட்டவில்லை. டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்ந்த 96,000 ரூபாயையும் எட்டில் ஐந்து பங்காக்கி 60,000 என்று போட்டிருந்தார்கள். மருந்து, பரிசோதனை இதிலெல்லாம் அந்த விகிதக் கத்தி பாயாது என்பது மட்டும் ஆறுதல். 12,000 என்று நினைத்தது 48,000 ஆனது. கையுறை, மாஸ்க் கணக்கு தனி. அண்ணி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு நான் எந்த பாலிசியை எடுத்தாலும் முதலில் அறை வாடகை வரியைத்தான் தேடுவேன், பத்திரிகையில் ராசிபலன் தேடுகிற மாதிரி.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது காத்திருப்புக் காலத்தைப் பார்த்துத்தான். பாலிசி போட்ட முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், கர்ப்பப்பை ஆபரேஷன் மாதிரி ஒரு பட்டியலுக்கு இரண்டு வருஷம். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு மூன்று வருஷம் வரை; 2024க்கு முன்னால் அதுவே நாலு வருஷமாம். ஒரு காப்பீட்டு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் முன்னே காத்திருந்த வருஷங்களைக் கழித்துக்கொள்வார்கள். எங்கள் பதினோரு வருஷ ஈஎஸ்ஐயை யாரும் கழிக்க மாட்டார்கள். அது அவர்கள் கணக்கில் காப்பீடே இல்லை. கோட்டையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து போடச் சொல்கிறார்கள்.

நெத்திலி கழுவின கை

இந்தக் கட்டத்தில்தான் பாலிசி அண்ணன் வந்தார். எங்கள் தெருவுக்கே அவர்தான். வண்டி இன்சூரன்ஸ், ஆயுள் காப்பீடு, சீட்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரே பை. கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமனார் செத்தபோது ஆயுள் காப்பீட்டுப் பணத்துக்கு ஒரு ரூபாய் கமிஷன் கேட்காமல் அலைந்து வாங்கிக் கொடுத்தவர். திண்ணையில் உட்கார்ந்து ஃபாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டே வந்தார். வியாதி பற்றிய பக்கம் வந்ததும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் வரிசையாக "இல்லை, இல்லை, இல்லை" என்று டிக் அடித்துக்கொண்டே போனார்.

"அண்ணே, அத்தைக்குச் சுகர் இருக்கு."

"தெரியும்மா. பிஈடி, அதான் பழைய வியாதின்னு போட்டா, லோடிங்னு விலையை ஏத்துவான், இல்லாட்டி வேணாம்னே திருப்பிடுவான். அஞ்சு வருஷம் விடாம கட்டிட்டீங்கன்னா அப்பால அவன் நோண்ட முடியாது. சட்டமே இருக்குது. அந்த அஞ்சு வருஷம் அம்மா நல்லா இருந்தா போதும்."

சட்டம் இருப்பது உண்மைதான். அப்புறம் தேடிப் படித்தேன். அறுபது மாதம் தொடர்ந்து கட்டிவிட்டால், விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும் முடியும். 2024க்கு முன் எட்டு வருஷமாக இருந்ததை ஐந்தாக்கினார்கள். நேர்மையாகத் தவறவிட்டவனைக் காப்பாற்ற வந்த விதி எங்கள் திண்ணையில் ஒளிந்துகொள்ள ஒரு திரையாகிவிட்டிருந்தது. ஆனால் அன்றைக்கு இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. 46,000 என்ற எண்தான் கண்ணில் நின்றது. இதுக்கு மேல் லோடிங் வேறயா என்று நினைத்தேன். "சரி அண்ணே" என்றேன். கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தேன். இதை எழுத எனக்கு இஷ்டமில்லை, ஆனால் எழுதாமல் போனால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

நாலைந்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கம்பெனியிலிருந்து டாக்டர் பேசுவதாக ஒரு போன். பாலிசி கொடுப்பதற்கு முன்னால் இப்படி ஒருத்தர் கூப்பிட்டு விசாரிப்பார் என்று அண்ணன் சொல்லியிருந்தார், "எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க" என்றும் சொல்லியிருந்தார். அதை அத்தையிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், அவரைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தை பின்கட்டுப் படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கை முழுக்க செதிலும் சாம்பலும். ஏழாவது படிக்கிற என் மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே பிடித்தாள்.

"அம்மா, உங்களுக்கு பிபி, சுகர், தைராய்டு ஏதாவது இருக்கா?" நல்ல தமிழில், தன்மையாகக் கேட்டார் அந்தப் பெண்.

"சுகர் இருக்குது டாக்டரம்மா. ஒம்போது வருஷமாச்சு. இரு, கையைக் கழுவிட்டு நோட்டை எடுத்தாரேன்."

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை, அவர் குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார். பார்த்தது என் மகள். போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையும் ஆடுகிற என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன சொல்ல வருகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள முயன்றாள். அந்தப் பார்வை இருக்கிறதே, அதற்கு நேராகக் கையை ஆட்டிக்கொண்டே இருக்க என்னால் முடியவில்லை. கை தானாக இறங்கியது. ஏதோ ஈ ஓட்டினவள் மாதிரி முந்தானையைச் சரிசெய்தேன்.

அத்தை நோட்டை எடுத்துவந்தார். நாற்பது பக்க நோட்டு. மூலையெல்லாம் எண்ணெய் ஏறி, ஊதா முத்திரை பக்கத்துக்குப் பக்கம் மறுபுறம் வரை ஊறியிருக்கும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "இத நீ வாசி கண்ணு" என்று பேத்தியிடம் நீட்டினார். அவள் ஸ்கூலில் பாடம் ஒப்பிக்கிற குரலில், "மெட்ஃபார்மின் 500, காலையில ஒண்ணு, நைட்டு ஒண்ணு. கிளிமிபிரைடு 1, காலையில" என்று தேதியோடு வாசித்தாள். அத்தை நடுநடுவே, "அது பெரிய வெள்ளை மாத்திரை டாக்டரம்மா, தொண்டையில நிக்கும்" என்று விளக்கம் சொன்னார். அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் அந்த டாக்டர் பெண், "இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்லைம்மா. மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. மீனைக்கூட மறந்துவிட்டு நோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பூனை இரண்டு நெத்திலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இரண்டு நாளில் விண்ணப்பம் ரத்து. எழுதிக் கொடுத்தது ஒன்று, சொன்னது ஒன்று, அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? பணம் திரும்பி வந்தது. அண்ணன் வந்து, "இன்னாம்மா, என் பேரு கெட்டுப்போச்சு" என்று வருத்தப்பட்டார். அப்போதுதான் அத்தைக்கு விஷயமே தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதுன்னுதானே நைனா சொல்லுவாங்க. அவ டாக்டரும்மான்னாளே. கம்பெனிக்காரின்னு சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்" என்றார். அண்ணனே சிரித்துவிட்டார். நான் அந்தப் பேச்சை ரொம்ப நாள் உருட்டிக்கொண்டிருந்தேன். அத்தை ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. சீட்டுக்காரியிடம் நாள் தள்ள அவர் சொல்லும் கதைகள் தெருவுக்கே தெரியும். ஆனால் உடம்பைப் பற்றி ஒருத்தர் அக்கறையாகக் கேட்டால் அதற்குப் பொய்ப் பதில் என்று ஒன்று இருக்க முடியும் என்பதே அவர் புத்தியில் இல்லை. எனக்கு இருந்தது. கணக்கு எழுதுகிறவள் அல்லவா.

அடுத்த முறை உண்மையை எழுதியே கேட்டோம். ஒரு கம்பெனி வேண்டாம் என்றது. இன்னொன்று ரத்தப் பரிசோதனை கேட்டது. மூன்று மாதச் சர்க்கரை 7.9 வந்தது. கடைசியில் நாலு பேருக்கு ஒரு ஃப்ளோட்டர், அத்தைக்கு மட்டும் தனியாக ஆரோக்ய சஞ்சீவனி என்று பிரித்துக்கொண்டோம். அது 2020 ஏப்ரலில் வந்த பொதுமாதிரி பாலிசி. எந்த கம்பெனியில் வாங்கினாலும் ஷரத்து ஒன்றே, விலைதான் மாறும். பொடி எழுத்துக்குப் பயந்தவர்களுக்கு அது ஒரு நிம்மதி. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000. ஒவ்வொரு கிளெய்மிலும் 5 சதவீதம் நம் கைக்காசு. 3 லட்சத்துக்கு, லோடிங்கெல்லாம் சேர்த்து 19,400. இரண்டும் கூட்டினால் சரியாக 40,000. சம்பளம் ஏறியது வருஷத்துக்கு 22,800. வரிச் சலுகை உண்டு என்று ஒருத்தர் ஆறுதல் சொன்னார். வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதித்தால் அல்லவா சலுகை! அந்த 40,000இல் ஆறாயிரத்துச் சொச்சம் ஜிஎஸ்டி வேறு. ஜூனில் கட்டினோம். செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் ஜிஎஸ்டி போட்டுக்கொடுப்பவள் நான். என் ராசி.

அடுப்பு

இந்த 40,000 கதையைக் கேட்டுத்தான் எதிர்வீட்டு அக்கா கொதித்துப் போனார். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். பிரீமியம் அரசே கட்டும். வயது, பழைய வியாதி எதுவும் தடையில்லை. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், அது ஒன்றுதான். இவர் சம்பளம் மட்டுமே 2,67,600. ஆனால் அத்தை பெயரை எங்கள் ரேஷன் கார்டிலிருந்து எடுத்துத் தனிக் கார்டு வாங்கிவிட்டால், அவர் தனிக் குடும்பம். வருமானம் இல்லாத விதவை. வருமானச் சான்றிதழ் வாங்கி, ஆதாரோடு ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகைக்குப் போனால் அட்டை. "நான் அப்படித்தானே வாங்கினேன். என் புள்ள மேல் மாடியிலதான் கீறான், ஊருக்கே தெரியும்" என்றார் அக்கா. தனிக் கார்டுக்குத் தனிச் சமையல் காட்ட வேண்டும். விசாரிக்க வந்தால் காட்ட அடுப்பு வேண்டும். அன்று ராத்திரியே, தான் அதற்கு வைத்திருந்த ஒத்தை பர்னரைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதை வாங்கி வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்படித்தான் நான். அக்கா சொன்னதில் தப்பென்று எனக்கு முழுசாகத் தோன்றவும் இல்லை. அவர் மகன் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. அவர்கள் கையில் இரண்டு லட்சம் கேட்டால் நகை இல்லை, நிலம் இல்லை, கந்துவட்டிதான். வருஷம் 1,20,000 என்றால் மாதம் பத்தாயிரம். திருவொற்றியூரில் இரண்டு அறை வாடகைக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். அக்கா கார்டுக்கு மாதம் பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது; ஈஎஸ்ஐக்கு 21,000த்துக்கு மேல் போகக் கூடாது, முறையான கம்பெனி வேலை வேறு இருக்க வேண்டும். இந்தக் கோடுகளுக்கு வெளியே விழுகிற நாங்கள் எல்லாம் நாற்பதாயிரத்துக்கு ஆரோக்கியமான பணக்காரர்கள். அக்கா பொய் சொன்னாரா, கோடு பொய் சொல்கிறதா? அவர் நெஞ்சில் இப்போது இருக்கிற ஸ்டென்ட் மட்டும் நிஜம்.

மறுநாள் காலையில் அத்தை அடுப்பைப் பார்த்தார். எதற்கென்று கேட்டார். இவர்தான் விஷயத்தைச் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டே. அத்தை கோபப்படவில்லை, அழவும் இல்லை. அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குமிழைத் திருகிப் பார்த்து, "கார்டு தனியானா அரிசி எனக்குத் தனியா போடுவாங்க, சரி. ஆக்கறது எங்க?" என்று கேட்டார். வெறும் காகிதத்தில்தான் அத்தை, எப்பவும் போலத்தான் இருப்போம் என்றேன். "அப்படியா" என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் தட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்காராமல், படிக்கட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். கேட்டதற்குக் காற்று வருகிறது என்றார். காற்று வந்ததுதான். ஆனாலும் இவர் மறுநாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுக்காமலே தேதி போனது.

இதைத் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் ஒரு நாள் அத்தையே கேட்டார், "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி இருக்கறப்போ எனக்கு எதுக்கு இருபதாயிரம் அழுவறீங்க?" என்று. ஸ்டான்லியை இன்னும் அப்படித்தான் சொல்வார். 1782இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி, பழைய வடசென்னைக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. மாமனார் செத்தது அங்கே, இவர் பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில். அத்தை கணக்கில் அதுவே பெரிய காப்பீடு. கார்டு வேண்டாம், சர்க்கரை உண்டா என்று கேட்டு விலை சொல்ல மாட்டார்கள். ஈஎஸ்ஐ நின்றதும் மாத்திரை என்னாகும் என்று நான் பயந்ததுகூட வீண். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்கள், 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். அத்தைக்கு வரிசைக் கதை போனதுதான் குறை. அப்படியானால் 19,400 எதற்கு? ராத்திரி ஒரு மணிக்கு ஏதாவது என்றால் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று, முன்பணம் எவ்வளவு என்று அவன் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்ற பயத்துக்கு. அதுவும் சர்க்கரையால் வந்தது என்று எழுதிவிட்டால் 2028 ஜூன் வரை கிடையாது. பாலிசித் தாளில் அந்த வரிக்குக் கீழே நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

புதுப்பிக்கச் சொல்லி இந்த வாரம் செய்தி வந்துவிட்டது. அத்தைக்கு வரி நீங்கலாகப் போன வருஷம் 16,440 ஆக இருந்தது இப்போது 17,900. அறுபதைத் தாண்டியவர்களுக்கு முன் அனுமதி இல்லாமல் ஒரே வருஷத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது, அதற்குள் அடக்கித்தான் ஏற்றியிருக்கிறார்கள். ஜிஎஸ்டி இல்லாததால் மொத்தத்தில் 1,500 ரூபாய் மிச்சம். கட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன். சீட்டுப் பணம் வர வேண்டும்.

அக்காவைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி அத்தையிடம் நேராகவே கேட்டேன், பிரித்திருக்கலாமோ என்று. அவர் காதில் வாங்கினாரா தெரியவில்லை. "அந்த அடுப்பை அவகிட்ட குடுத்துடாத, இப்போதைக்கு" என்றார் உடனே. "வெயில் நல்லா காயுது. வத்தல் போடணும்." நேற்று விடியற்காலையில் அதை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், எங்கள் சிலிண்டரையே இவரை விட்டுத் தூக்க வைத்து, ஜவ்வரிசிக் கூழ் கிண்டினார். ஆறு மணிக்குள் பழைய வேட்டி முழுக்கப் பிழிந்தாகிவிட்டது. பாதிக்கு மேல் எதிர்வீட்டு அக்காவுக்காம், உப்பு குறைத்துப் போட்டிருக்கிறாராம். மகள் குடையைப் பிடித்துக்கொண்டு காக்கா ஓட்டிக்கொண்டிருந்தாள்.